சுவருக்குள் இருப்பது என்ன?
பியூஸ் போர்டை மாற்றும் முன் கடைக்காரர் கவனிக்க வேண்டியவை

கடைக்கு மேலே வீடு, அல்லது கடைக்குப் பின்னால் வீடு. அம்பத்தூர் ஓ.டி.யில் தொடங்கித் திருமுல்லைவாயல், ஆவடி, பட்டாபிராம் வரையிலும், இந்தப் பக்கம் கரையான்சாவடி, குமணன்சாவடி, பூந்தமல்லி வரையிலும் நம் வணிகர்களில் பலருடைய வாழ்க்கை இப்படித்தான் அமைந்திருக்கிறது. அப்பா காலத்தில் கட்டிய இரண்டு அறை. பிறகு முன்பக்கம் இறக்கிய கடை. மகளுக்குக் கல்யாணம் ஆனபோது எழுப்பிய மாடி. அதற்கும் மேலே ஓர் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கட்டடம் வளர்ந்ததை ஊரே பார்த்தது. கட்டடத்துக்குள்ளே ஒயர் வளர்ந்ததை மட்டும் யாரும் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு எலக்ட்ரீசியன் வந்தார், சுவரைக் கொத்தினார், பைப்பைப் பதித்தார், கொத்தனார் பூசிவிட்டார். முதலில் வந்தவர் என்ன செய்தார் என்று இரண்டாவது ஆளுக்குத் தெரியாது. நமக்கோ இருவர் செய்ததும் தெரியாது.

இந்த நிலையில்தான் நாம் ஒருநாள் "பழைய பியூஸ் கட்டையெல்லாம் வேண்டாம், எம்.சி.பி. பெட்டி போட்டுவிடுங்கள்" என்று சொல்கிறோம். நல்ல காரியம்தான். ஆனால் பெட்டியை மாற்றுவது ஒரு நாள் வேலை. அந்தப் பெட்டிக்குப் பின்னால் சுவருக்குள் ஓடுவதைத் தெரிந்துகொள்வது அதைவிடப் பெரிய வேலை. அந்தப் பெரிய வேலையைச் செய்யாமல் சின்ன வேலையை மட்டும் செய்தால் என்ன ஆகும் என்பதை என் மைத்துனர் கடையில் நேரில் பார்த்தேன். அதை அப்படியே எழுதுவது நம் உறுப்பினர்களுக்குப் பயன்படும் என்று தோன்றியது.

அம்பத்தூரில் அவருக்கு மளிகைக் கடை. மேலே வீடு. கடைக்கு ஒரு சர்வீஸ், வீட்டுக்கு ஒரு சர்வீஸ் என்று இரண்டு மீட்டர். சென்ற கோடையில் கடையில் ஐஸ்கிரீமுக்கு ஒரு பிரீசரும் பின் அறையில் ஒரு ஏ.சி.யும் சேர்த்தார். அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு முறை பியூஸ் போயிற்று. பியூஸ் கம்பி தீர்ந்துபோனால் ஒயரின் இழைகளை நாலாக முறுக்கிக் கட்டுவது நம் எல்லாருக்கும் கைவந்த கலை. அவரும் அதையே செய்தார். ஒருநாள் பியூஸ் கேரியரே கருகிப் புகை வந்தது. உடனே பக்கத்துத் தெரு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் புதுப் பெட்டி மாட்டினார். எட்டு எம்.சி.பி., அவற்றுக்கு முன்னால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அன்று மாலை ஆறரை மணிக்குக் கடையின் பெயர்ப் பலகை விளக்கைப் போட்டார்கள். டப்பென்று ஆர்.சி.சி.பி. விழுந்தது. கடை முழுக்க இருட்டு. மறுபடி ஏற்றினார்கள், மறுபடி விழுந்தது. மூன்று நாள் இந்தக் கூத்து நடந்தது. நான்காம் நாள் அதே எலக்ட்ரீசியன் வந்து ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வெறும் ஐசோலேட்டரை மாட்டினார். "லைனை நேரா போட்டுட்டேன்ணே, இனிமே டிரிப் ஆகாது" என்றார். சொன்னபடியே டிரிப் ஆகவில்லை. மைத்துனர் சந்தோஷமாகக் கூலி கொடுத்து அனுப்பினார்.

பதினோராம் நாள், கடையைக் கழுவிவிட்ட ஈரத்தில் வெறுங்காலோடு பிரீசர் மூடியைத் திறந்த கடைப் பையனை மின்சாரம் அடித்தது. இருபது வயதுப் பிள்ளை. கை இழுத்துக்கொள்ளாமல் உதறிப் பின்னால் தூக்கி எறிந்ததால் பிழைத்தான். விழுந்த வேகத்தில் அரிசி மூட்டை அடுக்கும் இரும்புச் சட்டம் தலையில் பட்டு நான்கு தையல். அவ்வளவோடு போயிற்று. கழற்றி வைத்த ஆர்.சி.சி.பி. அப்போது கல்லாப் பெட்டியின் இழுவைக்குள் பத்திரமாக இருந்தது.

இதற்குப் பிறகுதான் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் மின் பராமரிப்பில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்ற, சூபர்வைசர் சான்றிதழ் உள்ள பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தோம். அவர் இரண்டு நாள் வேலை செய்தார். அந்த இரண்டு நாளும் புதுப் பெட்டியில் எதையும் மாற்றவில்லை. சுவருக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது மட்டுமே அவர் வேலையாக இருந்தது.

கேள்வியிலிருந்து தொடங்கினார்

வந்தவுடன் ஸ்குரு டிரைவரை எடுக்கவில்லை. மைத்துனரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். வீடு எந்த வருடம் கட்டியது? கடை எப்போது இறக்கினீர்கள்? மாடி எப்போது? குழாயை எப்போது மாற்றினீர்கள்? வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது? மின்சாரத்துக்கும் குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

நம் பகுதியில் வீட்டின் வயதைச் சொன்னாலே உள்ளே என்ன ஒயர் என்று பாதி சொல்லிவிடலாம் என்றார் அவர். பழைய வீடுகளில் தேக்குச் சட்டத்தின் மேல் கிளிப் அடித்த ஒயரிங். அது கண்ணுக்குத் தெரியும், ஆகவே அதில் ஏமாற்றம் குறைவு. ரப்பர் உறை போட்ட ஒயராக இருந்தால் கை பட்டதும் உறை பொடியாக உதிரும். அப்புறம் இரும்புப் பைப்பைச் சுவருக்குள் பதித்த காலம், அதற்கடுத்தது பி.வி.சி. பைப். தாமிரத்துக்குத் தட்டுப்பாடு இருந்த 1960களிலும் 70களிலும் நம் நாட்டில் வீட்டு ஒயரிங்குக்கே அலுமினியம் பரவலாக வந்தது. அம்பத்தூர், ஆவடிப் பக்கம் தொழிற்சாலைகள் வந்து குடியிருப்புகள் பெருகிய காலமும் அதுதான்.

அலுமினியம் கெட்ட உலோகம் அல்ல. தெருவில் ஓடும் மின்கம்பி அலுமினியம்தான். ஆனால் தாமிரம் கடத்துவதில் சுமார் 61 சதவீதமே கடத்தும். திருகுக்கு அடியில் நாளாவட்டத்தில் நசுங்கித் தளரும். காற்றுப் பட்டால் மேலே ஓர் ஆக்சைடு படலம் பிடிக்கும். தாமிரத்தோடு நேராக முறுக்கினால் ஈரம் பட்டு இணைப்பு அரிக்கும். அமெரிக்காவில் 1965க்கும் 1973க்கும் இடையே கட்டிய வீடுகள் பலவற்றில் இப்படி அலுமினிய ஒயரிங் போட்டு, பிறகு இணைப்புகளில் தீப்பிடித்து, அந்நாட்டின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விசாரிக்கும் அளவுக்குப் போனது. 1972க்கு முந்தைய அலுமினிய ஒயரிங் உள்ள வீடுகளில் ஏதாவது ஓர் இணைப்பு தீ அபாய நிலைக்குச் சூடாகும் வாய்ப்பு, தாமிர ஒயரிங் வீடுகளைவிட 55 மடங்கு அதிகம் என்று அந்த ஆணையம் அறிவித்தது. கோளாறு பெரும்பாலும் ஒயரின் நடுவில் அல்ல, முனையில்தான்.

அடுத்து, சுவிட்சு போர்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒயரின் முனைகளைப் பார்த்தார். ஐந்து போர்டு திறந்ததில் நான்கு தலைமுறை ஒயர் இருந்தது. 1/18 ஒற்றைக் கம்பி, 3/20, 7/20 என்று நம் எலக்ட்ரிக் கடைகளில் ஒரு காலத்தில் கேட்டு வாங்கிய கேஜ் ஒயர்கள், அவற்றோடு 1.5, 2.5 என்று சதுர மில்லிமீட்டரில் சொல்லும் புது ஒயர்கள். பழைய கணக்கு தெரியாத இளைஞர்களுக்காகச் சொல்கிறேன்: 1/18 என்பது சுமார் 1.2 சதுர மில்லிமீட்டர், 3/20 ஏறக்குறைய 2, 7/20 சுமார் 4.6. நிறத்தை நம்பவே கூடாது என்றார் பெரியவர். சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது விதி. கையில் சிவப்புச் சுருள் தீர்ந்துபோய்க் கறுப்பு மிச்சம் இருந்தால் அன்றைக்குக் கறுப்புதான் பேஸ்.

எம்.சி.பி. யாருக்குக் காவல்?

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஏனென்றால் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களே இதில் தெரிந்தும் தெரியாமலும் தவறு செய்கிறோம்.

எம்.சி.பி. என்பது ஏ.சி.க்கோ பிரீசருக்கோ காவல் அல்ல. சுவருக்குள் இருக்கும் ஒயருக்குக் காவல். ஆகவே அதன் ஆம்பியரை முடிவு செய்வது மாட்டப்போகும் சாமான் அல்ல, ஒயரின் கனம். பைப்புக்குள் நாலைந்து ஒயர் நெருக்கமாக ஓடுகிறது, வெளியே சென்னை வெயில் 40 டிகிரி என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயருக்கு 10 ஆம்பியர், 2.5க்கு 16, 4க்கு 20 அல்லது 25 என்று வைப்பது வழக்கம். பழைய 1/18க்கு 6, 3/20க்கு 10. அலுமினியமாக இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும்.

"16 ஆம்பியர் அடிக்கடி விழுது, 32 கொடுங்க" என்று வாடிக்கையாளர் வந்து நிற்கிறார். நாமும் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். ஆம்பியர் இரண்டு மடங்கானால் ஒயரில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். அந்த 16 விழுந்துகொண்டிருந்தது ஒயர் வெந்துவிடக் கூடாதே என்றுதான். "என்ன ஒயர் போட்டிருக்கீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டால் வியாபாரம் கெட்டுப்போகாது, பல சமயம் எம்.சி.பி.க்குப் பதில் ஒரு சுருள் ஒயர் விற்கும்.

என் மைத்துனரின் புதுப் பெட்டியில் எட்டும் 20 ஆம்பியர் எம்.சி.பி. கடையில் அதுதான் இருந்ததாம். அதில் இரண்டு 1/18 ஒயரில் விளக்குக்குப் போயின. பழைய பியூஸ் கேரியரில் சரியான கம்பி கட்டியிருந்தால்கூட இதைவிடப் பாதுகாப்பு.

பென்சிலும் நோட்டும்

முதல் நாள் மதியம் கடையை அடைக்கச் சொன்னார். ஓர் ஐம்பது பக்க நோட்டில் கடையையும் வீட்டையும் கட்டம் போட்டு வரைந்தார். ஒவ்வொரு எம்.சி.பி.யாக அணைத்து, எந்த விளக்கு, எந்த மின்விசிறி, எந்த பிளக் நிற்கிறது என்று எண் போட்டார். இது சின்னப் பிள்ளை வேலை போலத் தெரியும். ஆனால் அன்றைய பெரிய உண்மை இதில்தான் வெளிப்பட்டது.

கடையின் மெயினை முழுக்க அணைத்தோம். கடைக்குள் இருந்த ஒரு சுவிட்சு போர்டில் டெஸ்ட் லாம்ப் வைத்தார். எரிந்தது!

கடை மெயின் அணைந்திருக்கிறது, கடையின் போர்டில் மின்சாரம் இருக்கிறது. எங்கிருந்து? மாடி வீட்டின் சர்வீஸிலிருந்து. படிக்கட்டு விளக்கைக் கீழே ஒரு சுவிட்சிலும் மேலே ஒரு சுவிட்சிலும் போட்டு அணைக்கும் டூ-வே இணைப்பை, யாரோ ஒருவர் எப்போதோ மேல் போர்டிலிருந்து ஒரு ஒயரும் கீழ் போர்டிலிருந்து ஒரு ஒயரும் எடுத்து முடித்திருந்தார். அதே இடத்தில் பெயர்ப் பலகை விளக்குக்கு பேஸ் கடையிலிருந்தும், கைக்கு எட்டிய நியூட்ரல் மாடியிலிருந்தும் போயிருந்தது. விளக்கு எரிந்தது, ஆகவே வேலை முடிந்தது என்று போய்விட்டார்.

ஆர்.சி.சி.பி. ஏன் விழுந்தது என்பதற்கு இதுவே விடை. தன் வழியாக பேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமா என்று பார்ப்பதுதான் அதன் ஒரே வேலை. 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் 0.3 விநாடிக்குள் அறுத்துவிட வேண்டும். பெயர்ப் பலகைக்குப் போன மின்சாரம் மாடி நியூட்ரல் வழியாகத் திரும்பியதால், ஆர்.சி.சி.பி.யின் கணக்கில் அது காணாமல் போன மின்சாரம். அது சரியாக வேலை செய்தது. அதைக் கெட்டுப்போனது என்று கழற்றி வைத்தோம்.

இந்த நியூட்ரல் கலப்பு நம் பகுதியில் சர்வ சாதாரணம். 2008க்குப் பிந்தைய மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் மாட்டினோம் அல்லவா? பேஸை மட்டும் தனியாகப் பிரித்து, நியூட்ரலைப் பொதுவாக விட்டுத்தான் பெரும்பாலும் கொடுத்தார்கள். பியூஸ் போர்டு இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை. அந்த வீட்டில் ஆர்.சி.சி.பி. போட்டால் அன்றே விழும். கரண்ட் போனபிறகும், மெயினை அணைத்தபிறகும்கூட இன்வெர்ட்டர் ஒயரில் 230 வோல்ட் இருக்கும் என்பது அடுத்த ஆபத்து.

மூன்று பேஸ் சர்வீஸ் உள்ள கடைகளில் இன்னொன்று உண்டு. மூன்று பேஸுக்கும் ஒரே நியூட்ரல் ஒயரைப் பொதுவாக ஓட்டியிருப்பார்கள். மூன்றிலும் சமமாகச் சுமை இருக்கும்போது நியூட்ரலில் அதிகம் ஓடாது. ஒரு பேஸ் போய்விட்டதென்று சுழற்றும் சுவிட்சைத் திருப்பி எல்லாவற்றையும் ஒரே பேஸில் போட்டதும், மூன்று பங்கும் அந்த ஒற்றை நியூட்ரலில் கூடிவிடும். நியூட்ரலுக்கு பியூஸ் கிடையாது. அது சுவருக்குள் வேகும். அறுந்தால் இன்னும் மோசம். இரண்டு பேஸுக்கு இடையே உள்ள சுமார் 400 வோல்ட் டி.வி., பில் போடும் கம்ப்யூட்டர், கேமரா எல்லாவற்றையும் பதம் பார்த்துவிடும்.

வீட்டு இணைப்பிலிருந்து கடைக்கு ஒயர் இழுப்பது ஏன் நடக்கிறது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். வீட்டுக் கட்டணம் ஒன்று, வணிகக் கட்டணம் ஒன்று. அது மின்வாரிய விதிக்கு விரோதம் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மைத்துனரின் அப்பா காலத்தில் இழுத்த ஒயர் ஒன்று அப்படிக் கிடைத்தது. யாரும் உபயோகிக்காமலே முப்பது வருடமாகச் சுவருக்குள் உயிரோடு இருந்தது. அலமாரி அடிக்கச் சுவரில் துளை போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

மெக்கர் சொன்னது

இரண்டாம் நாள் காலையில் மெக்கர் எடுத்தார். மெயினை அணைத்து, எல்லா சாமான்களின் பிளக்கையும் பிடுங்கி, விளக்குகளைக் கழற்றி, மின்விசிறி ரெகுலேட்டர், இன்வெர்ட்டர், கேமரா பெட்டி எல்லாவற்றையும் விடுவித்த பிறகே இதைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் 500 வோல்ட் பாய்ந்து மின்னணுச் சாமான்கள் போய்விடும். பெட்டியில் நியூட்ரல் ஒயர்களையும் பட்டையிலிருந்து தனித்தனியாகப் பிரித்து வைத்தார். அப்போதுதான் எந்த நியூட்ரல் எதோடு கலந்திருக்கிறது என்று தெரியும்.

ஒயரின் உறை எவ்வளவு தாங்குகிறது என்பதை மெகா ஓம் கணக்கில் மெக்கர் காட்டும். 50ஐ அந்த இணைப்பில் உள்ள பாயிண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் அளவு இருக்க வேண்டும், மொத்த நிறுவலுக்கு 1 மெகா ஓமுக்கு மேல் கேட்க வேண்டியதில்லை என்பது பழைய இந்தியத் தர நிர்ணய விதி. கடையில் ஆறு இணைப்புகள் நன்றாகவே இருந்தன. ஷட்டர் ஓரத்து இணைப்பு மட்டும் 0.2க்கு மேல் ஏறவில்லை.

அவர் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டது இதற்குத்தான். 2015 டிசம்பர் மழையில் கொரட்டூர், முகப்பேர், அம்பத்தூர்ப் பக்கம் தெருக்கள் மூழ்கியதும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தொழிற்பேட்டையிலேயே தண்ணீர் நின்றதும் யாருக்கும் மறந்திருக்காது. தண்ணீர் வடிந்ததும் கடையைக் கழுவினோம், சுண்ணாம்பு அடித்தோம். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருந்த பிளக் பெட்டிகளைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்? மைத்துனர் கடையில் அந்தப் பெட்டியைத் திறந்தால் உள்ளே வண்டல் மண் கேக் மாதிரி உறைந்திருந்தது. அதற்குப் பின்னால் பைப்பில் இன்னும் ஈரம். ஒயரின் உறை தண்ணீரைத் தாங்கிக்கொண்டது. பைப்புக்குள் துணி டேப் சுற்றி மறைத்திருந்த ஜாயிண்ட் தாங்கவில்லை. பைப்புக்குள் ஜாயிண்ட் போடவே கூடாது. பெட்டிக்குள்தான் போட வேண்டும். இது தெரியாத எலக்ட்ரீசியன் இல்லை. தெரிந்தும் போடுகிறார்கள், ஏனென்றால் சுவர் மூடிக்கொடுக்கிறது.

இன்னொரு ஜாயிண்டைக் கண்டுபிடித்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பின் அறை ஏ.சி. பாயிண்டில் போர்டுப் பக்கமும் 4 சதுர மில்லிமீட்டர் புது ஒயர், பிளக் பக்கமும் அதே ஒயர். பார்த்தால் குறையே இல்லை. பெரியவர் ஒரு முனையைப் பிடித்து மெதுவாக இழுத்தார், மறுமுனை அசையவில்லை. ஸ்பிரிங் விட்டுப் பார்த்தார், பாதியில் நின்றது. பிறகு அந்த பிளக்கில் 2000 வாட் ஹீட்டர் ஒன்றை மாட்டி, போர்டில் ஒரு மீட்டரும் பிளக்கில் ஒரு மீட்டருமாக ஒரே நேரத்தில் வோல்டேஜ் பார்க்கச் சொன்னார். 15 மீட்டர் தூரம், சுமார் 9 ஆம்பியர். ஒயர் முழுக்க 4 சதுர மில்லிமீட்டராக இருந்தால் ஒன்றரை வோல்ட்டுக்குள்தான் குறைய வேண்டும். ஏழரை வோல்ட் குறைந்தது. "மிச்சம் ஆறு வோல்ட்டை எங்கேயோ ஓர் இடம் தின்னுது தம்பி. ஆறு வோல்ட், ஒன்பது ஆம்பியர். ஐம்பது வாட்டுக்கு மேலே. ஒரு சால்டரிங் அயர்னைச் சூடாக்கிச் சுவருக்குள்ளே வெச்சுப் பூசின மாதிரி" என்றார்.

சுவரைத் தடவிப் பார்த்தால் ஓரிடத்தில் வெதுவெதுப்பாக இருந்தது. கொத்தினோம். பழைய 3/20 ஒயரோடு புது ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப் கருகி, பைப் உருகிச் சப்பையாகியிருந்தது. அந்தச் சுவரில் சாய்த்துத்தான் தீப்பெட்டிப் பண்டல்களும் கற்பூரமும் அடுக்கி வைத்திருந்தார் மைத்துனர். அவர் அன்று சாப்பிடவில்லை.

பச்சை ஒயர் போன இடம்

பையனை அடித்த பிரீசருக்கு வருகிறேன். மூன்று பின் பிளக், பச்சை ஒயர் எல்லாம் இருந்தன. போர்டைத் திறந்தால் பச்சை ஒயர் இரண்டு அங்குலம் வெளியே வந்து, பெட்டிக்குள்ளே வெட்டிவிடப்பட்டிருந்தது. முன்பு பிரீசர் மாட்டியதும் டிரிப் ஆனதாகவும், பச்சையை விட்டதும் நின்றதாகவும் பின்னர் தெரிந்தது. அதாவது பிரீசரில் லீக்கேஜ் இருப்பதை எர்த் சொன்னது. சொன்ன நாக்கை அறுத்தாயிற்று. அதற்கு மேல் ஆர்.சி.சி.பி.யையும் எடுத்தாயிற்று. மிச்சம் இருந்த வழி அந்தப் பையனின் ஈரக் கால்தான்.

மற்ற பச்சை ஒயர்களைத் தொடர்ந்து போனார். எல்லாம் சேர்ந்து பின்கட்டில் ஓர் இரும்புத் தண்ணீர்க் குழாயில் கிளிப் போட்டு முடிந்திருந்தன. 1970களில் அது ஓரளவு எர்த்தாக இருந்திருக்கும். குழாயை எப்போது மாற்றினீர்கள் என்று முதலில் கேட்டாரே, அதற்குக் காரணம் இது. பத்து வருடத்துக்கு முன் தரைக்கு அடியில் இருந்த துருப்பிடித்த குழாயை எடுத்துவிட்டு பி.வி.சி. போட்டிருந்தார்கள். சுவரில் தெரிந்த மூன்றடி இரும்புக் குழாய் மட்டும் அப்படியே இருந்தது. கடை முழுவதற்கும் எர்த் அந்தரத்தில் தொங்கியது. இரும்புப் பைப்பையே எர்த்தாக வைத்த பழைய வீடுகளில் நடுவில் இரண்டடி பி.வி.சி. பைப் ஒட்டுப்போட்டாலும் இதே கதிதான்.

புதிதாக எர்த் குழி போட்டால் மட்டும் போதுமா என்று கேட்டேன். போதாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். நம் மண்ணில் குழியின் தடை 5 ஓம் என்று வைத்துக்கொண்டால், பேஸ் ஒயர் இரும்பு உடலில் பட்டாலும் 230ஐ 5ஆல் வகுத்து 46 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. கண நேரத்தில் விழ 80 முதல் 160 ஆம்பியர் வரை வேண்டும். ஆகவே அது உடனே விழாது. அதுவரை பிரீசரின் உடல் உயிரோடு இருக்கும். ஆர்.சி.சி.பி.க்கோ 30 மில்லி ஆம்பியர் போதும். எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் இரண்டும் வேண்டும் என்பது இதனால்தான். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2023ல் இந்தக் கருவியைக் கட்டாயமாக்கியதும் காரணமில்லாமல் அல்ல.

சில எச்சரிக்கைகளும் உண்டு. ஆர்.சி.சி.பி. ஓவர்லோடுக்கு விழாது; அதற்கு எம்.சி.பி. தனியே வேண்டும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஒருவர் அகப்பட்டுக்கொண்டால் அதற்கும் தெரியாது. கம்ப்யூட்டர், கேமரா, எல்.ஈ.டி. விளக்கு ஒவ்வொன்றும் இயல்பாகவே கொஞ்சம் மின்சாரத்தை எர்த்துக்குக் கசியவிடும். எல்லாவற்றையும் ஒரே ஆர்.சி.சி.பி.யில் கட்டினால் கோளாறு இல்லாமலே விழும். கடைக்கு இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. பிரீசர் உள்ள இணைப்பைத் தனியாக வைத்தால் ஏதோ ஒரு விளக்குக்காக ஐஸ்கிரீம் உருகாது.

என்ன செய்தோம்

பெரியவர் எல்லாவற்றையும் உடைக்கச் சொல்லவில்லை. அதுதான் ஆச்சரியம். கொத்தனாரை அழைத்துக் கடை முழுவதையும் கொத்தப்போகிறார் என்று பயந்துகொண்டிருந்தோம். மெக்கரில் தேறிய, ஸ்பிரிங் ஓடிய பைப்புகளில் பழைய ஒயரையே கொக்கியாக வைத்துப் புது ஒயரை இழுத்தார். பைப் அடைபட்ட இரண்டு இடங்களில் சுவரைத் தொடாமல் வெளியே பி.வி.சி. கேசிங் அடித்தார். அழகு கொஞ்சம் குறைவுதான். ஆனால் நாளைக்குத் திறந்து பார்க்கலாம். மாடி சர்வீஸையும் கடை சர்வீஸையும் முழுக்கப் பிரித்தார். விளக்கு இணைப்புகளுக்கு 6 ஆம்பியர் எம்.சி.பி. வந்தது. புது எர்த் குழி போட்டோம். ஏ.சி., பிரீசரால் கூடிய லோடுக்கு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்க வைத்தார். மீட்டருக்கு முன்னால் உள்ள கட்-அவுட், சீல் எதையும் அவர் தொடவில்லை; அதற்கு வாரிய ஆளை வரவழைத்தார். நம் மெயினை அணைத்தாலும் அதற்குள் வரும் ஒயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும் என்பதைக் கவனிக்கவும்.

செலவு? புதுப் பெட்டிக்குக் கொடுத்ததைப் போல மூன்று பங்கு ஆயிற்று. முதலிலேயே இந்த இரண்டு நாள் சோதனையைச் செய்திருந்தால் பாதி மிச்சமாகியிருக்கும் என்று மைத்துனர் இப்போது எல்லாரிடமும் சொல்கிறார். ஒயர்மேன் அல்லது சூபர்வைசர் சான்றிதழ் உள்ளவரா என்று கேட்டு, அவரிடம் மெக்கர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். டெஸ்டர் ஒன்றை மட்டும் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வருபவர் போர்டு மாற்ற வந்தவர், ஒயரிங் பார்க்க வந்தவர் அல்ல. டெஸ்டரில் வெளிச்சம் வந்தால் பேஸ் என்று தெரியும். நியூட்ரல் அறுந்ததோ, எர்த் இல்லாததோ அதில் தெரியாது. வாங்கும் ஒயரிலும் எம்.சி.பி.யிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கட்டும். பாரிமுனையில் முத்திரை இல்லாமல் கிடைக்கும் மலிவுச் சுருளில் தாமிரத்தின் கனமும் குறைவு, சுருளின் நீளமும் குறைவு என்பதை நம் எலக்ட்ரிக் வியாபாரிகள் என்னைவிட நன்றாக அறிவார்கள்.

பெரியவர் வரைந்த படத்தை ஜெராக்ஸ் எடுத்து, பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறார்கள். எந்த எண் எந்த அறை, எந்தச் சுவரில் பைப் எந்த உயரத்தில் போகிறது, எங்கே ஜாயிண்ட் பெட்டி என்று எல்லாம் அதில் உண்டு. சென்ற மாதம் ஸ்டீல் ரேக் மாட்ட வந்தவர் டிரில்லிங் மெஷினை எடுத்ததும், மைத்துனர் முதலில் அந்தத் தாளைத்தான் பார்த்தார். பிறகு ரேக்கை நாலு அங்குலம் தள்ளி மாட்டச் சொன்னார்.

அந்தப் பையன் அதே கடையில்தான் இருக்கிறான். மாதத்தின் முதல் தேதி, ஷட்டரைத் தூக்கியதும் பெட்டியைத் திறந்து ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்துகிறான். விளக்கு அணைகிறது. மறுபடி ஏற்றிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு பிரீசரைத் திறக்கப் போகிறான்.